டேட்டாபேஸ் நம்மைக் கேட்காமல் எடுக்கும் முடிவுகள்: நெல்லைச் சீமையிலிருந்து வரும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்டங்களிலும் அரிசி ஆலை, பால் சங்கம், பீடிக் கம்பெனி, மருந்துக் கடை, பள்ளிக்கூடம் என்று எங்கே போனாலும் கணக்கு இப்போது கம்ப்யூட்டரில்தான். அந்த மென்பொருளுக்கு அடியில் ஏதாவது ஒரு டேட்டாபேஸ் இருக்கும்: மைஎஸ்க்யூஎல், மரியாடிபி, எஸ்க்யூஎல் சர்வர், எஸ்க்யூலைட், ஆரக்கிள், போஸ்ட்கிரஸ். அதைப் பார்த்துக்கொள்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே.

ஒரு வசதி இல்லை என்றால் வேறு வழி தேடிக்கொள்ளலாம். நாம் ஒன்றும் சொல்லாதபோது டேட்டாபேஸ் தானாக வைத்துக்கொள்ளும் டிஃபால்ட் அமைப்புகள்தான் சத்தமில்லாமல் தரவைத் தின்றுவிடுகின்றன. ஆகவே இந்தப் பக்கத்தில் அதிக இடம் அவற்றுக்கே.

தமிழில் அடித்த பெயரெல்லாம் ???? என்று வருகிறது, அண்ணாச்சி. திரும்பக் கிடைக்குமா?

திரையில் தெரிவது கேள்விக்குறிதானா என்று முதலில் நன்றாகப் பாருங்கள். சில இடங்களில் கேள்விக்குறி இருக்காது. தலையில் கோடு போட்ட சின்ன 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', அப்புறம் இன்னொரு குறி என்று ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் மும்மூன்றாக வரும். அப்படி இருந்தால் கவலை வேண்டாம். தமிழ் பைட்டுகள் உள்ளே பத்திரமாக இருக்கின்றன, லத்தீன் என்று நினைத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஒரு நகல் எடுத்துவைத்துக்கொண்டு, தரவை லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கானது) என்று சொல்லி வெளியே எடுத்து, யூடிஎஃப்8 (எல்லா மொழிகளுக்கும் பொதுவானது) என்று சொல்லி உள்ளே ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேள்விக்குறியே என்றால் வருத்தமான செய்திதான். தமிழ் எழுத்தை லத்தீன் என்று குறித்த காலத்துக்குள் ('காலம்' என்று இங்கே சொல்வது டேபிளின் நெடுவரிசையை) போடச் சொன்னபோது, இடமில்லாமல் அதைத் தூக்கி எறிந்துவிட்டு '?' என்று எழுதி வைத்திருக்கிறது. பழைய பேக்கப் இருந்தால் உண்டு, இல்லையென்றால் மறுபடி தட்டச்சுதான்.

காரணம் டிஃபால்ட். 2018இல் 8.0 வெர்ஷன் வரும்வரை மைஎஸ்க்யூஎல்லின் டிஃபால்ட் எழுத்துத் தொகுதி லத்தீன்1, வரிசை முறை ஸ்வீடிஷ். மரியாடிபியில் 2024இல் வந்த 11.6இல்தான் மாறியது. எக்ஸாம்ப் என்ற இலவசத் தொகுப்பைப் போட்டால் உள்ளே வருவது மரியாடிபிதான் என்பதும் பலருக்குத் தெரியாது. எஸ்க்யூஎல் சர்வரில் சிக்கல் வேறு மாதிரி: காலம் யூனிகோட் வாங்கும் என்வார்சார் வகையாக இருந்தாலும், மேற்கோள் குறிக்கு முன்னால் ஆங்கில 'என்' எழுத்தைப் போடாமல் தமிழை அனுப்பினால் கேள்விக்குறியாகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

முகவரி பாதியில் அறுந்து நிற்கிறது. யாரும் அழிக்கவில்லை.

கஸ்டமர் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய முகவரியை அப்படியே ஒட்டியிருப்பீர்கள். நடுவில் ஒரு எமோஜி இருந்திருக்கும். மைஎஸ்க்யூஎல்லில் 'யூடிஎஃப்8' என்ற பெயரில் இருந்தது முழு யூடிஎஃப்8 இல்லை, ஒரு குறிக்கு 3 பைட் வரைதான் வாங்கும். தமிழ் எழுத்துகளுக்கு 3 பைட் என்பதால் நமக்குப் பல வருடம் வித்தியாசமே தெரியவில்லை. எமோஜிக்கு 4 பைட். கண்டிப்பு இல்லாத அமைப்பில் அந்த இடத்தோடு வாக்கியம் வெட்டுப்பட்டு, மீதி காணாமல் போகும்.

2010இலேயே 5.5.3இல் யூடிஎஃப்8எம்பி4 வந்துவிட்டது. டேபிள், காலம், இணைப்பு மூன்றிலும் அதைச் சொல்ல வேண்டும், ஒன்றில் விட்டாலும் பயனில்லை. பழைய 5.6இல் இப்படி மாற்றும்போது இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் சுட்டுப் பட்டியல்) 767 பைட்டைத் தாண்டுகிறது என்று மறுக்கும். 255 எழுத்துக் காலத்தை 191 ஆக்குவது அதற்குத்தான்.

எமோஜி நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய நிலக் கணக்குகளில் வரும் முந்திரி, மாகாணி போன்ற பின்னக் குறிகள் 2019இல் யூனிகோட் 12இல் சேர்க்கப்பட்டன. அவையும் 4 பைட்தான். தாத்தா காலத்து ஏட்டைப் பார்த்து அப்படியே ஏற்ற நினைப்பவருக்கு 3 பைட் டேபிள் உதவாது.

எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே போன் நம்பர் வருகிறது: 2147483647.

'இன்ட்' என்ற முழு எண் வகைக் காலத்தில் கொள்ளும் மிகப் பெரிய எண் அது. நம் மொபைல் எண்கள் 6, 7, 8, 9இல் தொடங்கும் பத்து இலக்க எண்கள், எல்லாமே அதைவிடப் பெரியவை. பழைய மைஎஸ்க்யூஎல் 'கொள்ளவில்லை' என்று சொல்லித் திருப்பியிருக்க வேண்டும். அது செய்வதோ, தன்னால் முடிந்த பெரிய எண்ணை எழுதிவிட்டு 'சேமித்தாயிற்று' என்பது. எச்சரிக்கை ஒன்று பின்னால் கிடக்கும், அதை எந்த மென்பொருளும் எடுத்துக் காட்டுவதில்லை. மேலப்பாளையத்தில் ஒரு கடையின் பட்டியலில் மூன்று பக்கத்துக்கு இந்த ஒரே எண் அச்சாகியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் ஒவ்வொரு எண்ணையும் கேட்டு, சரிபார்த்து அடித்தவர். அவர் உழைப்பு முழுவதும் ஒரு டிஃபால்ட்டில் போயிற்று.

2015இல் வந்த 5.7இலிருந்து ஸ்ட்ரிக்ட் மோட் டிஃபால்ட்டாக இருக்கிறது, இப்படிப்பட்ட எண்ணை மறுத்துவிடும். ஆனால் பழைய பில்லிங் மென்பொருள்கள் சில இணைப்பு கிடைத்ததும் முதல் வேலையாக அதை அணைத்துவிடுகின்றன. உங்களுடையது அப்படியா என்று போட்டுக் கொடுத்தவரிடம் கேளுங்கள். போன் எண்ணை எழுத்து வகைக் காலத்தில் வைப்பதுதான் முறை. அதில் யாரும் கூட்டல் கழித்தல் போடப்போவதில்லை.

இதோடு சேர்ந்த இன்னொன்று செக் கன்ஸ்ட்ரெயின்ட். 'மூட்டை எடை பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும்' என்று நிபந்தனை எழுதினால் மைஎஸ்க்யூஎல் தலையாட்டி வாங்கிக்கொள்ளும், ஆனால் கடைப்பிடிக்காது. 2019இல் 8.0.16 வந்த பிறகுதான் உண்மையாகச் சரிபார்க்கத் தொடங்கியது. அதற்கு முன் எழுதிய நிபந்தனைகளை நம்பி இருந்தால் ஒருமுறை தரவைச் சலித்துப் பாருங்கள். வசதி இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் இத்தனை பேர் ஏமாந்திருக்க மாட்டார்கள்.

20 எழுத்துக்கு இடம் விட்டும் 'திருநெல்வேலி' கொள்ளவில்லை என்கிறது ஆரக்கிள்.

நமக்குத் திருநெல்வேலி ஆறு எழுத்து. யூனிகோடில் கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி என்பதால் 12. யூடிஎஃப்8இல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 36. ஆரக்கிளில் வார்சார்2 என்ற எழுத்து வகைக் காலத்துக்கு 20 என்று மட்டும் எழுதினால், டிஃபால்ட்டாக அது 20 பைட். எண்ணுக்குப் பின்னால் 'சார்' என்று சேர்த்து எழுதினால்தான் குறிகளை எண்ணும். போஸ்ட்கிரஸும் மைஎஸ்க்யூஎல்லும் குறிகளைத்தான் எண்ணுகின்றன. அவற்றில்கூட 'அம்பாசமுத்திரம்' 15, பெயரோடு அப்பா பெயரும் ஊரும் சேர்ந்தால் 50 தாராளமாகப் போய்விடும். ஆங்கிலப் பெயரை மனதில் வைத்து அளவு போடாதீர்கள்.

பெயரின் முதல் எழுத்தை எடுத்து இனிஷியல் போட்டால் 'சு.' வர வேண்டிய இடத்தில் 'ச.' வருகிறது.

லெஃப்ட், சப்ஸ்ட்ரிங் போன்ற வெட்டும் செயல்பாடுகள் எல்லாம் யூனிகோட் குறிகளைத்தான் வெட்டுகின்றன. சுடலைமுத்துவின் முதல் குறி 'ச', 'உ'கரக் கொம்பு அடுத்த குறி. முழு எழுத்தாக வெட்டும் செயல்பாடு இந்த டேட்டாபேஸ்களில் பெரும்பாலும் நேராக இல்லை. இது உண்மையிலேயே ஒரு குறை, தமிழுக்கு மட்டுமில்லை, இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும். தற்போதைக்கு வெட்டும் வேலையை மென்பொருள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது இனிஷியலுக்குத் தனிக் காலம் வையுங்கள். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது, தன் இனிஷியல் என்ன என்று அவரவருக்குத்தான் தெரியும்.

'கோமதி' என்று தேடினால் சிலர் வருகிறார்கள், சிலர் வருவதில்லை. திரையில் எழுத்து ஒன்றுபோலவே இருக்கிறது.

சங்கரன்கோவில் பக்கம் எந்தப் பட்டியலை எடுத்தாலும் கோமதிகள் நிறைய, அதனால் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். 'கோ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுக்குப் பின்னால் 'ஓ'கார உயிர்க்குறி ஒன்றாக வரலாம், அல்லது இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியே வரலாம். கண்ணுக்கு ஒன்றுதான், பைட்டுகள் வேறு. எஸ்க்யூலைட்டும் போஸ்ட்கிரஸும் டிஃபால்ட்டாகப் பைட் ஒத்துப்போனால்தான் சமம் என்கின்றன. கொ, கோ, கௌ வரிசை முழுவதற்கும் இதே கதி.

2020இல் வந்த போஸ்ட்கிரஸ் 13இலிருந்து நார்மலைஸ் என்ற செயல்பாடு உண்டு. தரவு உள்ளே நுழையும்போதே அதைக் கொண்டு ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். எஸ்க்யூலைட்டில் மென்பொருள்தான் செய்ய வேண்டும்.

இதற்கு அடங்காத தட்டச்சுப் பழக்கங்களும் இருக்கின்றன. 'கௌசல்யா'வில் 'ௌ' குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பு போட்டு 'ள' அடிப்பது, காலுக்குப் பதில் 'ர' அடிப்பது, பழைய எழுத்துருக் கோப்பிலிருந்து மாற்றும்போது கண்ணுக்குத் தெரியாத வெற்றுக் குறி ஒட்டிக்கொண்டு வருவது. நார்மலைஸ் இவற்றைத் தொடாது. உள்ளீட்டுத் திரையிலேயே சோதித்துத் திருத்த வேண்டும். பெயர் கிடைக்கவில்லை என்று ரேஷனோ மருந்தோ வாங்க வந்த அம்மாவைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு இது போகிறது. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

ஊர்ப் பட்டியல் அகர வரிசையில் வரவில்லையே?

வரிசை முறை எதுவும் சொல்லாவிட்டால் பல இடங்களில் யூனிகோட் எண் வரிசைதான் வரும். அதில் ல, ள, ழ, வ என்று போகும். நம் வரிசை ல, வ, ழ, ள. ஆகவே களக்காடு கழுகுமலைக்கு முன்னால் வந்து நிற்கும். புள்ளியின் எண் எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதால் 'அகம்' முன்னால் போய், 'அக்கா' பின்னால் தள்ளப்படும். அகராதியில் நேர் எதிர்.

போஸ்ட்கிரஸில் 2017இல் வந்த 10இலிருந்து ஐசியூ என்ற யூனிகோட் நிரல் தொகுப்பின் வரிசை முறைகள் இருக்கின்றன, தமிழுக்கும் தனியாக ஒன்று உண்டு. 2022இன் 15இலிருந்து டேட்டாபேஸ் முழுவதற்குமே ஐசியூவை டிஃபால்ட்டாக வைக்கலாம். உருவாக்கும் அன்றே சொல்லிவிடுவது நல்லது. உங்கள் ஊர்ப் பெயர்களில் பத்தைக் கொடுத்து வரிசை பார்த்துவிட்டு மேலே போங்கள்.

உறுப்பினரை நீக்கிய பிறகும் அவருடைய கூலி வரிகள் அப்படியே கிடக்கின்றன.

எஸ்க்யூலைட்தானே? அதில் ஃபாரின் கீ (ஒரு டேபிளின் வரி இன்னொரு டேபிளில் உள்ள ஆளோடு கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்ற விதி) எழுதினாலும் டிஃபால்ட்டாக அணைந்தே இருக்கும். 2009இலேயே சரிபார்க்கும் வசதி வந்துவிட்டது, பழைய மென்பொருள்கள் உடையக்கூடாது என்று அணைத்தே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு இணைப்பிலும் 'பிரேக்மா ஃபாரின் கீஸ்' கட்டளையால் அதை ஆன் செய்ய வேண்டும். ஒருமுறை செய்தால் போதும் என்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

மைஎஸ்க்யூஎல்லிலும் 2010இல் 5.5 வரும்வரை டேபிள்களின் டிஃபால்ட் சேமிப்பு முறை மைஐசாம். அது ஃபாரின் கீயை வாங்கிக்கொண்டு கண்டுகொள்ளாது. அந்தக் காலத்து டேபிள்கள் இன்றும் மைஐசாமாகவே ஓடிக்கொண்டிருக்கும், வெர்ஷன் ஏற்றினால் தானாக மாறாது.

பீடிச் சுற்றும் பெண்களின் கணக்கில் ஒரு வரி யாருடையது என்று தெரியாமல் போனால், அது அவர்களின் பி.எஃப். வரை போய்ப் பாதிக்கும்.

கரண்ட் போய் வந்தபின் பில் நம்பர் 412லிருந்து 1412க்குத் தாவிவிட்டது. ஜிஎஸ்டிக்கு என்ன சொல்வது?

எஸ்க்யூஎல் சர்வர் 2012இலிருந்து ஐடென்டிட்டி எண்களை (தானாக ஏறும் வரிசை எண்களை) ஆயிரம் ஆயிரமாக முன்கூட்டி எடுத்துவைத்துக்கொள்கிறது. முறையாக நிறுத்தாமல் சர்வர் விழுந்தால் மீதி எண்கள் போய்விடும். வேகத்துக்காகச் செய்தது. 2017இலிருந்து ஐடென்டிட்டி கேஷை அணைத்துவைக்கலாம்.

ஆனால் அணைத்தாலும் போதாது. பெரும்பாலான டேட்டாபேஸ்களில் ஒரு பதிவு பாதியில் ரத்தானால் அதன் எண் வீண்தான், போஸ்ட்கிரஸில் எண் கொடுக்கும் சீக்வென்ஸும் அப்படியே. பழைய மைஎஸ்க்யூஎல்லில் எதிர்ச் சிக்கல்: கடைசி பில்லை அழித்துவிட்டு சர்வரை நிறுத்தி ஏற்றினால், 8.0க்கு முன்பு, அதே எண்ணை அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். ஜிஎஸ்டி விதி 46 கேட்பது தொடர் வரிசை எண், 16 எழுத்துக்குள், ஒரு நிதியாண்டில் ஒன்றுபோல் இன்னொன்று இல்லாமல். எனவே பில் எண்ணைத் தானியங்கி எண்ணிடம் விடாதீர்கள். தனி டேபிளில் ஒரு வரி வைத்து, பில் பதிவாகும் அதே, நடந்தால் முழுதும் நடக்கும் இல்லாவிட்டால் முழுதும் ரத்தாகும், டிரான்சாக்‌ஷனுக்குள் அதைப் பூட்டி, ஒன்று கூட்டி எடுங்கள்.

காலைப் பால் முந்தின நாள் கணக்கில் ஏறுகிறது.

சர்வர் கிளவுடில் இருக்கிறது, அங்கே மணி யூடிசி என்ற உலகப் பொது நேரம். நமக்கு 5:30 மணி நேரம் பின்னால். விடிகாலை 5 மணிக்கு ஊற்றிய பாலுக்கு அங்கே முந்தின நாள் இரவு 11:30. பால் சங்கத்துக்கும் பூ மார்க்கெட்டுக்கும் இது தினசரித் தொல்லை, பத்து மணிக்குத் திறக்கும் கடைக்காரருக்குத் தெரியவே தெரியாது. மைஎஸ்க்யூஎல் டிஃபால்ட்டாக இயங்குதளத்தின் நேரத்தையே எடுத்துக்கொள்ளும். 'ஏசியா/கொல்கத்தா' என்று கொடுத்தால் சிலசமயம் தெரியாது என்கும், நேர மண்டல டேபிள்கள் நிரப்பாமல் வருவதால். +05:30 என்று கொடுங்கள், இந்தியாவில் கோடைக்கால நேர மாற்றம் இல்லாததால் அதுவே போதும்.

தென்காசிக்காரர்களுக்கு இன்னும் மாவட்டம் திருநெல்வேலி என்றே அச்சாகிறது.

மாவட்டக் காலத்துக்கு 'திருநெல்வேலி' என்று டிஃபால்ட் மதிப்பு வைத்திருப்பார்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. அதற்கு முன்னால் 1986இல் தூத்துக்குடி பிரிந்தது. டிஃபால்ட்டை இன்று மாற்றினாலும் பழைய வரிகள் மாறாது, அவற்றைத் தனியே திருத்த வேண்டும். பின்கோடை வைத்துப் பிரித்துவிடலாம் என்று 627ஐப் பார்க்காதீர்கள், தென்காசி 627811, சங்கரன்கோவில் 627756, எல்லாம் 627தான். தாலுகாவை வைத்துப் பிரியுங்கள். மனிதரைக் கேட்டு எழுத வேண்டிய விவரத்துக்கு டிஃபால்ட் மதிப்பே வைக்கக்கூடாது என்பது என் கருத்து. காலியாக இருந்தால் 'கேட்கவில்லை' என்றாவது தெரியும்.

எக்செல் வழியாக ஏற்றினால் எஸ்டிடி கோடு 0462 வெறும் 462 ஆகிறது.

எக்செல் அதை எண் என்று நினைத்துக்கொள்கிறது. 12 இலக்க ஆதார் எண் இன்னும் மோசம், பத்தின் அடுக்காகச் சுருக்கிக் காட்டி, சிஎஸ்வியாகச் சேமித்தால் சுருங்கிய வடிவத்தையே எழுதிவிடும். கோப்பை இரட்டைச் சொடுக்கித் திறக்காமல், டேட்டா மெனு வழியாக எடுத்து, காலத்தை 'டெக்ஸ்ட்' என்று குறியுங்கள்.

வேகம் போதவில்லை, டிஸ்க்கில் எழுதுவதைத் தளர்த்தச் சொல்கிறார்கள். செய்யலாமா?

வேண்டாம். இது டேட்டாபேஸ் எழுதியவர்கள் சரியாக வைத்திருக்கும் டிஃபால்ட். மைஎஸ்க்யூஎல்லின் இப்போதைய சேமிப்பு முறையான இன்னோடிபி ஒவ்வொரு கமிட்டையும் (முடிந்த பதிவையும்) டிஸ்க்கில் உறுதிசெய்கிறது, போஸ்ட்கிரஸும் அதே வேலையைச் செய்யும் எஃப்சிங் அமைப்பை ஆனிலேயே வைத்திருக்கிறது. அடிக்கடி கரண்ட் போகும் இடத்தில் அதைத் தளர்த்தினால் கடைசி சில பில்கள் போகலாம், எஃப்சிங்கை அணைத்தால் டேட்டாபேஸே கெட்டுப்போகலாம். வேகத்துக்கு முதலில் இன்டெக்ஸைப் பாருங்கள். போஸ்ட்கிரஸில் ஃபாரின் கீ காலத்துக்கு இன்டெக்ஸ் தானாக வராது, பாதி மந்தம் அங்கேதான் இருக்கும்.

அப்படியானால் எதைத்தான் போடுவது?

ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஆள் என்றால் எஸ்க்யூலைட், ஃபாரின் கீயை ஆன் செய்து. பலர் சேர்ந்து வேலை செய்யும் இடத்துக்கு நான் போஸ்ட்கிரஸைத்தான் சொல்வேன். கொள்ளாத எண்ணையும் தப்பான தேதியையும் முதல் நாளிலிருந்தே மறுக்கும் பழக்கம் அதற்கு உண்டு. டேபிள் அமைப்பை மாற்றுவதைக்கூட டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்து, பிடிக்காவிட்டால் திரும்பப் பெறலாம். மைஎஸ்க்யூஎல்லும் ஆரக்கிளும் அந்த இடத்தில் கேட்காமல் கமிட் செய்துவிடும். போஸ்ட்கிரஸிலும் குறை உண்டு: தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் ஷேர்ட் பஃபர்ஸ் டிஃபால்ட் 128 எம்பி, இன்றைய இயந்திரத்துக்குக் குறைவு. பெரிய வெர்ஷன் மாற்றுவதும் தனி வேலை. எந்த வரிகள் என்று சொல்லும் 'வேர்' நிபந்தனை இல்லாமல் அப்டேட் எழுதினால் இதுவும் தடுக்காது, தப்பானால் திரும்பப் பெற முதலில் 'பிகின்' போட்டுவிட்டு எழுதுங்கள்.

பழைய மைஎஸ்க்யூஎல் 5.6இலிருந்து ஏற்றினால் மென்பொருள் உடைகிறது. ஸ்ட்ரிக்ட் மோடை அணைத்துவிடலாமா?

எல்லாரும் கொடுக்கும் வைத்தியம் அது, நான் கொடுக்க மாட்டேன். உடைவது பெரும்பாலும் 0000-00-00 என்ற தேதியிலும், அளவுக்கு மீறிய எழுத்திலும்தான். பூஜ்யத் தேதி உள்ள வரிகளைப் பழைய சர்வரிலேயே எண்ணிப் பாருங்கள். தேதி தெரிந்தவற்றைக் கைப்பட எழுதிய பேரேட்டைப் பார்த்து நிரப்புங்கள், தெரியாதவற்றை 'நல்' (மதிப்பே இல்லாத காலி) ஆக்குங்கள். நல் வாங்காத காலமாக இருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும். பிறகு இன்னொரு இயந்திரத்தில் புதிய வெர்ஷனைப் போட்டு, பேக்கப்பை ஏற்றி, ஒரு வாரக் கணக்கை அதில் ஓட்டிப் பாருங்கள். எங்கெங்கே மறுக்கிறதோ அந்த வரிகளை மென்பொருள் எழுதியவரிடம் கொடுங்கள்.